கிணற்றுக்குள் வளர்ந்த கடல்நாகம்

நம் வயதுக்காரர்களுக்கு வாரப் பத்திரிகை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கடையில் கட்டுப் பிரிப்பதற்கு முன்பே போய் நின்றவர்கள் நாம். வீட்டில் யார் முதலில் படிப்பது என்று அடித்துக்கொண்டவர்கள். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பீரோவுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியவர்கள்.

போன வாரம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் கைப்பேசியில் கடல்நாகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலை அப்படியே சுற்றி நொறுக்குகிறது. செதில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் வழிகிறது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த கடல்நாகம் கறுப்பு மையால் வரைந்தது. பழுப்புக் காகிதத்தில், பாதிப் பக்க அளவில் இருந்தது. அது எங்கள் வீட்டுக்குள் வந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டே அறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா போளூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். புரட்டாசி மாதம் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தபோது, கூடத்தில் மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நிலபுலன் உள்ள குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள்.

அவள் அப்படி வருவது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அப்பாவே தன் பஸ்ஸில் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"என்னதான் கொறை உனக்கு? அடிக்கிறாரா? குடிக்கிறாரா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல அண்ணி."

"அப்புறம் என்னம்மா?"

அத்தை மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அப்பா வந்தார், பையைப் பார்த்தார், கால் கழுவப் போனார்.

எனக்கு அவள் வந்ததில் கொள்ளைச் சந்தோஷம். ஒரே பாயில் படுத்தோம். ஆனால் பெரியவர்களுக்கு அவள்மேல் ஆயிரம் குறை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவாள். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். இன்னொரு வினோதமும் இருந்தது. யாராவது அறைக் கதவைச் சாத்தினால் எழுந்து போய்த் திறந்துவிட்டு வருவாள். "கொசு வருதும்மா, சாத்தித் தொலை" என்று அம்மா திட்டுவாள். அத்தை சாத்துவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்திருக்கும். நானும் அதை ஒரு விளையாட்டாக்கி, வேண்டுமென்றே கதவைச் சாத்திவிட்டு ஓடுவேன். இப்போது நினைத்தால் அந்த விளையாட்டுக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பக்கத்து வீட்டில் பைண்டர் பாய் இருந்தார். ஆபீஸ் ரிஜிஸ்டர்களையும் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் பைண்டு போடுவது அவர் தொழில். ஒரு வாடகைப் புத்தகக் கடைக்காரர் தொடர்கதைகளைச் சேர்த்துக் கட்டுவதற்காக வாராவாரம் பத்திரிகைகளைக் கொண்டுவந்து அவரிடம் போடுவார். அத்தை படிப்பதில் பித்து என்று பாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "காலைல குடுத்துடணும்மா, பக்கம் மடிக்காம" என்று சொல்லி, வந்த பத்திரிகையைச் சுவருக்கு மேலாக நீட்டுவார்.

அதில்தான் கடல்நாகம் வந்துகொண்டிருந்தது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடலடியிலிருந்து எழும்பும் நாகம். அதைத் தேடிப் போகும் ஒரு கிழட்டுக் கப்பல் தலைவன். படத்தில் அதற்குக் குதிரை முகம், கடல்பாசி போலத் தொங்கும் பிடரி. தண்ணீருக்கு மேலே உடம்பு மூன்று வளைவாக எழும்பித் தெரியும்.

"ஏன் அத்தை மூணே மூணு வளைவு போட்டிருக்காங்க?"

"வெளிய தெரியறதுதான் மூணு. உள்ள எவ்ளோ நீளம் கெடக்குதுன்னு நீதான் நெனச்சுக்கணும் கண்ணு."

அன்று முழுக்க நான் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடத்தில் அடி வாங்கினேன்.

நாகம் பாய்மரத்தைச் சுற்றி வளைத்து, கப்பல் தலைவனின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்த வாரத்தோடு கதை நின்றுபோனது. அடுத்த வாரம் பத்திரிகை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பாய் சுவரோரம் வந்து, "நின்னு போச்சாம்மா. இனிமே வராதாம்" என்றார், ஏதோ அவருடைய தப்பு போல.

நான் அழுதேன். சோறு வேண்டாம் என்றேன். கதைக்காகவா சாப்பிடாமல் இருப்பாள் ஒருத்தி என்று அம்மாவுக்குக் கோபம். அத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "அழாத. மிச்சத்த நாம எழுதலாம்" என்றாள். கதையை நாமே எழுதலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மழையை நாமே பெய்ய வைக்கலாம் என்று யாரோ சொன்னது போலிருந்தது.

பாய் ரிஜிஸ்டர் ஓரம் வெட்டியதில் விழும் காகிதக் கீற்றுகளைச் சேர்த்து ஒரு நோட்டுத் தைத்துக் கொடுத்தார். ஒரு முழம் நீளம், நாலு விரல் அகலம், பச்சை நூல் தையல். "பாம்புக் கத எழுதறதுக்கு நீள நோட்டுதாம்மா கரெக்டு" என்று சிரித்தார்.

அத்தை எடுத்த எடுப்பில் எழுத ஆரம்பிக்கவில்லை. கடலைப் பார்த்ததில்லை, கப்பலைப் பார்த்ததில்லை, நாகம் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும் என்றாள். ஒரு நாள் சாயங்காலம் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போய், கல் தோரணத்தின் இரண்டு முனையிலும் செதுக்கியிருந்த மகரத்தைக் காட்டினாள். யானைத் துதிக்கை, முதலைத் தாடை, கொடிபோலச் சுருண்டு போகும் வால். சாமியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லி இடித்தார்கள்.

"நம்ம பாம்புக்குத் துதிக்கை வேணாம் அத்தை. நெருப்புக் கக்கணும். பாய் வீட்டுல ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்துல பார்த்தேன்."

"தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு எதுக்கு நெருப்பு?"

"அப்பத்தான் எல்லாரும் பயப்படுவாங்க."

"இந்த ஊர்ல நெருப்புக்கா பஞ்சம்? மலையே நெருப்புங்கறாங்க. நம்மளுது ஒண்ணாவது தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் அப்படிச் சிரித்துப் பேசியது அந்த வீட்டில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

ஐப்பசி அடைமழையில் கதை வளர்ந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி வளரவில்லை. கப்பலையும் கிழட்டுத் தலைவனையும் அத்தை விட்டுவிட்டாள். கடலோரத்தில் ஒரு வியாபாரி, நாகத்தின் குட்டி ஒன்றைப் பானையில் பிடித்து, உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, தன் வீட்டுக் கிணற்றில் விடுகிறான். நாகம் இருக்கும் கிணறு வற்றாது. அதனால் அதை வெளியே விடுவதில்லை. கிணற்று வாயைப் பலகையால் மூடி, மேலே கல்லை வைத்துவிடுகிறார்கள். நாகம் வளர்கிறது. நீட்டிப் படுக்க இடமில்லாமல் தன் மேலேயே சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது. பலகையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக விழும் வெயில் காலையில் மேற்குச் சுவரில் இருக்கும், மத்தியானம் தண்ணீரில் இறங்கும், சாயங்காலம் கிழக்குச் சுவரில் ஏறி மறையும். நாகத்துக்குப் பொழுது தெரிவது அதை வைத்துத்தான். மேலே ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது பேசிப் பார்க்கும். கிணற்றுக்குள்ளிருந்து வரும் பேச்சு மேலே போவதற்குள் வெறும் தண்ணீர்ச் சத்தமாகிவிடும்.

எனக்கு அலுப்பாக இருந்தது. சண்டை எங்கே, கப்பல் உடைவது எங்கே என்று நச்சரித்தேன். ஒரு இடத்தில் கையும் களவுமாகப் பிடித்தேன். நாகத்தின் பிடரியில் உமி ஒட்டியிருந்தது என்று எழுதியிருந்தாள்.

"கெணத்துக்குள்ள ஏது அத்தை உமி? கடல் பாம்புக்கு எப்படி உமி ஒட்டும்?"

அவள் பென்சிலை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனாள். பிறகு அடிக்கவில்லை. "இருக்கட்டும் விடு" என்றாள்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடுவதால் அப்பா பத்து நாள் வீட்டுக்கு வந்ததும் போனதும் தெரியாது. தீபம் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில், அத்தையின் வீட்டுக்காரரும் அவருடைய பெரியப்பாவும் வந்தார்கள். அப்பா டூட்டி முடிந்து இன்னும் வரவில்லை. அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அத்தை சமையல் அறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"உங்க அத்தை நாள் பூரா என்ன பண்ணும்?"

"கத எழுதும் மாமா."

"அப்படியா? என்னா கத?"

"கடல் பாம்புக் கத. நானும் சேந்துதான் எழுதறேன்."

"எங்க, கொண்டா பாக்கலாம்."

எவ்வளவு பெருமையாக ஓடிப்போய் எடுத்து வந்தேன் தெரியுமா. சமையல் அறை வாசலில் அத்தை கையை நீட்டித் தடுக்கப் பார்த்தாள். நான் அவள் கைக்கு அடியில் குனிந்து தப்பி வந்துவிட்டேன்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் எங்கேயோ பிரித்து, நாலு வரி சத்தமாகப் படித்தார். நாகம் சுவரோடு பேசும் இடம். படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"பாத்தியாம்மா. பாம்பாம், பேசுதாம். இதான் நாங்களும் சொல்றோம், பொண்ணுக்குப் புத்தி சரியில்ல. நாங்க தப்பா சொல்லல. பெரிய டாக்டருங்ககிட்ட காட்டி எழுதி வாங்கிட்டா, அவனும் வேற ஒரு வாழ்க்கைய பாத்துக்குவான். உங்களுக்கும் கெட்ட பேர் இல்ல."

எனக்கு அப்போதுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் தரையில் வைத்தேன்.

காக்கி உடுப்போடும் தோல் பையோடும் அப்பா வந்தார். பெரியப்பா எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லிவிட்டு, "நீயே பாருப்பா" என்று நோட்டை அவர் கையில் கொடுத்தார். கதைப் புத்தகம் என்றாலே முகம் சுளிக்கும் மனிதர் அப்பா. பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே வாங்கினார். வரிக்கு அடியில் விரலை வைத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்தது. மாமா இரண்டு தடவை இருமினார். அப்பா நிமிரவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினார், மறுபடி முந்தின பக்கத்துக்குத் திரும்பினார். விரல் ஒரே இடத்தில் நின்றது. எந்த வரி என்று எட்டிப் பார்த்தேன். உமி என்ற சொல்லின் மேல் விரல் இருந்தது.

அப்பா நோட்டை மூடினார்.

"மாப்பிள்ள, உங்க வீட்டுல அந்த நெல்லு கொட்டற ரூமுக்கு இன்னும் வெளிப்பக்கம்தான் பூட்டு போடறீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார். பெரியப்பாதான் பேசினார். "இது என்னப்பா கேள்வி? நெல்லு இருந்தா பூட்டாம?"

"நெல்லு மட்டும் இருந்தா பூட்டலாம்."

சமையல் அறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. யாரும் திரும்பவில்லை.

"என் தங்கச்சி வராது. கெளம்புங்க" என்றார் அப்பா.

பெரியப்பா கத்தினார். புத்தி கெட்டவளைக் கட்டி மாரடியுங்கள் என்றார், கோர்ட்டில் பார்க்கலாம் என்றார். சந்து முழுக்க ஜன்னல்கள் திறந்தன. பைண்டர் பாய் வந்து எங்கள் வாசலில் சும்மா நின்றார். அவர் நின்றதே போதுமானதாக இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானம் அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். ஆடி மாதம் வாழைப்பழச் சீப்பு வாங்கிக்கொண்டு தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறார். குளிக்கிறாள் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். "தல காஞ்சிருந்துது. முடியில உமி ஒட்டியிருந்துது. நான் என்னான்னு கேக்கல. காபி குடிச்சுட்டு வந்துட்டேன்" என்றார். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். பிறகும் பார்த்ததில்லை.

மற்றதெல்லாம் அப்புறம் துண்டு துண்டாகத் தெரிந்தது. அத்தை ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள், கதை நன்றாக இருக்கிறது என்று நாலே வரி. அது அவள் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் அச்சில் வந்துவிட்டது. கண்டவன் எல்லாம் தன் பெண்டாட்டி பெயரைப் படிக்கிறான் என்று மாமாவுக்கு அவமானம். அன்றிலிருந்து எல்லாரும் கழனிக்குப் போகும்போது அவளை நெல் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். யாரும் அடிக்கவில்லை. சோறு தண்ணீர் எல்லாம் உள்ளே வைத்துவிட்டுத்தான் போனார்கள். அதனாலேயே அதைக் குறை என்று எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை என நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புருஷனை விட்டுவிட்டு வந்தவளை வீட்டில் வைத்துக்கொண்டால் நாளைக்கு என் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தவள் அவள். அவர்கள் வந்து போன இரண்டாம் நாள், பக்கத்துத் தெருத் தச்சரைக் கூப்பிட்டு, அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்துவிடச் சொன்னாள். ஆணி இருந்த ஓட்டைகளைச் சோப்பு வைத்து அடைத்தாள். அத்தையிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொசு வருகிறது என்று திட்டுவதும் நின்றது.

அத்தை சில நாள் நோட்டைத் தொடவில்லை. நானும் கேட்கப் பயந்தேன். கேட்டது அப்பாதான். டூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி, "அதுக்கப்புறம் அந்தப் பாம்பு என்னாச்சும்மா?" என்றார்.

அன்று சாயங்காலமே எழுதி முடித்தாள். பெரிய மழை பெய்கிறது. கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது. ஏற ஏற நாகமும் ஏறுகிறது. கல்லோடு பலகையைத் தலையால் தள்ளிவிட்டு வெளியே வருகிறது. வியாபாரியை அது கடிக்கவில்லை, வீட்டை இடிக்கவில்லை. தெருவில் ஓடும் மழைத் தண்ணீரோடு சேர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. அத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "போறதுதான் போகுது, மலைய ஒரு சுத்து சுத்திட்டுப் போகட்டுமே" என்றாள். அத்தை அப்படியே எழுதிக்கொண்டாள். நாகம் மலையைச் சுற்றிய பிறகுதான் கடலுக்குப் போனது.

வழக்கு சில வருஷம் இழுத்து, விவாகரத்தில் முடிந்தது. அத்தை முதலில் பாய் வீட்டில் அவர் மனைவியோடு உட்கார்ந்து நோட்டுத் தைத்தாள். பிறகு ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போய், அங்கேயே முப்பது வருஷம் இருந்தாள். அவளுக்கு மறுபடி கல்யாணம் நடக்கவில்லை. எனக்கு நடந்தது, அம்மா பயந்த எந்த இடைஞ்சலும் இல்லாமல். நோட்டு இப்போது இல்லை. வீடு மாறும்போது ஒரு பெட்டியில் போட்டு வைத்ததைக் கரையான் தின்றுவிட்டது. பச்சை நூல் மட்டும் மிஞ்சியது என்று அம்மா சொன்னாள்.

அத்தை இப்போது அடி அண்ணாமலையில் ஒரு சின்னப் போர்ஷனில் இருக்கிறாள். எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். கிரிவலம் போகிறவர்கள் தண்ணீர் கேட்டு வருவார்கள், கொடுப்பாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, இத்தனை வருஷம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"ஏன் அத்தை, பூட்டி வெக்கறாங்கன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பா கொண்டுபோய் விட்டிருப்பாரா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சொன்னேனே."

"யார்கிட்ட?"

"உங்கப்பாகிட்டதான். ரெண்டாவது தடவ கூட்டிட்டுப் போனப்போ, பஸ்ல சீட்டு குடுக்க என்கிட்ட வந்தாரு. அப்ப சொன்னேன். 'அண்ணா, அங்க என்னை ரூம்ல வெச்சுப் பூட்டறாங்க'ன்னேன். 'கூட்டமா இருக்கும்மா, அப்புறம் பேசிக்கலாம்'னுட்டு முன்னாடி போயிட்டாரு. எறங்கினப்போ நானும் மறுபடி சொல்லல, அவரும் கேக்கல."

"அப்பாக்கு அது ஞாபகம் இருந்துச்சா அத்தை?"

"தெரியல கண்ணு. நான் கேட்டுக்கல."

அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவரைக் கேட்க வழியில்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அவர்கள் வந்து போன அந்த மாதமே அப்பா போளூர் ரூட்டிலிருந்து மாற்றிக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். சாயங்காலமே வீடு திரும்பிவிடக்கூடிய டூட்டி அது. அதை விட்டுவிட்டு, வெளியூரில் தங்கிவிட்டு மறுநாள் வரும் தூரத்து ரூட்டுக்குப் போனார். ரிட்டயர் ஆகும்வரை போளூர் பஸ்ஸில் ஏறவே இல்லை. கையில் இருந்த நல்ல வேலையை ஏன் விட்டீர்கள் என்று அம்மா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"அந்த பஸ்ல கூட்டம் ஜாஸ்தி."